வெலிலேயின் கிரெஸிடாவும் மாபெலேயின் சீட்டுப் பணமும்

வெலிலே காபா எதிர்வீட்டு மாபெலேக்கு ஒன்பதாயிரம் ரேண்ட் கடன்பட்டிருந்தார். பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது. கேப் டவுன் ஓரத்துக் குகுலெத்துவில் எங்கள் தெரு முழுக்க அறிந்த கடன். அந்தப் பணத்தில்தான் அவர் கிரெஸிடா காரை வாங்கினார்.

மாபெலே தெருமுனையில் ஆட்டுத்தலை சுட்டு விற்கிறவள். பழுக்கக் காய்ந்த இரும்புக் கம்பியால் மயிரைப் பொசுக்கிச் சுரண்டி, தலையை இரண்டாகப் பிளந்து, உப்புப் போட்டு வேகவைத்து, செய்தித்தாளில் மடித்துக் கொடுப்பாள். பெண்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து போட்ட மாதச் சீட்டில் அவள் முறை வந்தபோது, கடைக்குத் தகரக் கூரை போடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் அவள் புருஷன் மோங்கெசிக்கு நெஞ்சு சரியில்லை. தங்கச் சுரங்கத்தில் இருபது வருஷம் தூசியை இழுத்த நெஞ்சு. மூச்சு முட்டினால் ஆஸ்பத்திரிக்கு ஓட எதிர்வீட்டில் ஒரு வண்டி நின்றால் போதும், கூரை பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பணத்தை வெலிலேயிடம் கொடுத்துவிட்டாள்.

"எனக்கு வட்டி வேணாம், தோலோ. நான் கூப்பிட்டா வண்டி வரணும். அதுதான் வட்டி" என்றாள். தோலோ என்பது வெலிலேயின் குலப்பெயர். மரியாதைக்குரிய ஆளை எங்கள் பக்கம் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

"கூப்பிடவே வேணாம் மாபெலே. உங்க வீட்டுக்காரர் இருமினா போதும், ஓடி வந்துடுவேன்."

மோங்கெசி பக்கத்தில் சோளக்கள் டப்பாவோடு உட்கார்ந்திருந்தார். "அப்படியா? அப்போ நான் கொஞ்சம் சத்தமா இருமிப் பழகிக்கறேன்" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

எங்கள் தெருவில் யார் தயவும் இல்லாமல் தன் கையாலேயே மேலே வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் வெலிலே. இன்னொருவர் யார் என்று நானே சொன்னால் நன்றாக இருக்காது. வெலிலே ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில் மாடு மேய்த்தவர். மூன்றாம் வகுப்போடு சரி. செருப்பில்லாமல் கேப் டவுனுக்கு வந்து, துறைமுகத்தில் மூட்டை தூக்கி, செங்கல் சுமந்து, ஐம்பத்தாறு வயதில் சொந்த வண்டிக்குச் சொந்தக்காரர் ஆனவர். படித்தவர்கள் பஸ்ஸுக்கு நிற்கையில் இவர் கதவைத் திறந்துவிட்டு "ஏறுங்க சார்" என்பார். அதில் அவருக்கு ஒரு ருசி.

வண்டிக்கு அப்போதே பதினேழு வயது. மூன்று கை மாறியது. கதவுப் பூட்டு தேய்ந்து, தேக்கரண்டியை விட்டுத் திருகினாலும் திறக்கும். இந்த மாதிரி பழைய கிரெஸிடாக்களைத்தான் எங்கள் ஊரில் சந்துகளில் ஆள் ஏற்றும் உள்டாக்சியாக ஓட்டுகிறார்கள். ஜனங்கள் அதற்கு வைத்த பேர் கரப்பான்பூச்சி. எந்தச் சந்திலும் நுழையும், லேசில் சாகாது. ஏழு பேரை அடைத்துக்கொண்டு பக்கத்து நியாங்கா வரை போகும், வரும். ஊரெல்லாம் ஒரே வண்டி என்பதால் உதிரிபாகத்துக்குக் கிராக்கி. மாலையில் நிறுத்திய கரப்பான்பூச்சி காலையில் மூன்று தெருக்களில் மூன்று வண்டிகளுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

முதல் மாதமே வெலிலேயின் பேட்டரி திருட்டுப் போயிற்று. அடுத்து ஒரு சக்கரம். அவர் போலீசுக்குப் போகவில்லை. இரும்புக் கடைக்குப் போனார்.

பழைய கட்டிலின் கம்பிகளை வெட்டி பேட்டரிக்குக் கூண்டு செய்தார். பானெட்டைச் சுற்றி நாய்ச்சங்கிலி போட்டுப் பூட்டினார். சிகரெட் லைட்டர் பொருத்தும் ஓட்டைக்குப் பின்னால் ஒரு சுவிட்சை ஒளித்துவைத்தார். அதைத் தட்டாமல் சாவியை எத்தனை முறை திருகினாலும் என்ஜின் உயிர் பெறாது. பின் கதவுகளின் வெளிக் கைப்பிடிகளைக் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளே ஒரு கம்பி வளையம் வைத்தார். முன்னால் உட்கார்ந்து கையைப் பின்னுக்கு நீட்டி அவர் இழுத்தால்தான் பின் கதவு திறக்கும். இதெல்லாம் போதாதென்று, வண்டியை நிறுத்தும்போது சக்கரங்களைச் சுவர்ப் பக்கம் முழுக்கத் திருப்பி, ஸ்டியரிங்கையும் பிரேக் மிதியையும் சேர்த்துத் தடித்த சங்கிலியால் கட்டுவார். "எவனாவது தள்ளிக்கிட்டுப் போகட்டும் பார்க்கலாம். என் சுவத்துலயேதான் முட்டுவான்" என்பார்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருந்தது. என்ஜினில் நெருப்புப்பொறியைப் பங்கிட்டுக் கொடுக்கும் மூடிக்குள் கட்டைவிரல் அளவில் ஒரு கறுப்புத் துண்டு சுழலும். ரோட்டர் என்பார்கள். அது இல்லாவிட்டால் வண்டி வெறும் இரும்பு. ஓட்டம் முடிந்ததும் வெலிலே அதைக் கழற்றி, துணியில் சுற்றி, சமையலறையில் சோளமாவுப் பீப்பாய்க்குள் புதைத்துவிடுவார். அந்த இடம் அவர் மனைவி நோபந்துவுக்கு மட்டும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சர்ச்சில் இருந்தபோது இரண்டு பேர் வந்து வண்டியோடு மல்லுக்கட்டி, வியர்த்து விறுவிறுத்து, ஒரு திருப்புளியை விட்டுவிட்டு ஓடினார்கள். வெலிலே அந்தத் திருப்புளியைக் கண்ணாடியில் கட்டித் தொங்கவிட்டார். ஏறுகிறவர்களிடமெல்லாம் அதன் கதையைச் சொன்னார். இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போனவர்கள் உண்டு.

பெருமை நியாயமான பெருமைதான். ஆனால் பூட்டும் சங்கிலியும் சும்மா கிடைப்பதில்லை. மாதக் கடைசியில் மாபெலே கையைத் துடைத்துக்கொண்டு வருவாள்.

"இந்த மாசம் எவ்வளவு, தோலோ?"

"இந்த மாசம் பெரிய பூட்டா ஒண்ணு வாங்கிட்டேன் மாபெலே. அடுத்த மாசம் சேர்த்துத் தர்றேன்."

"போன மாசம் சங்கிலி. அதுக்கு முந்தின மாசம் கூண்டு. வண்டிக்காகப் பூட்டு வாங்குறீங்களா, பூட்டுக்காக வண்டி வாங்குனீங்களா?"

"வண்டி போயிடுச்சுன்னா உங்க பணமும் போச்சு. நான் காப்பாத்துறது உங்க பணத்தைத்தான்."

இரண்டு வருஷத்தில் இரண்டாயிரத்து அறுநூறு கொடுத்திருந்தார். ஆறாயிரத்து நானூறு பாக்கி. ஆனாலும் வாக்கை மீறவில்லை. மோங்கெசிக்கு இரண்டு தடவை மூச்சு முட்டியது. இரண்டு தடவையும் வெலிலே ரோட்டரை எடுத்து மாட்டி, சங்கிலியை அவிழ்த்து, சட்டைப் பொத்தான்கூடப் போடாமல் ஓட்டிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்துக்கொண்டு மோங்கெசி, "உன் வண்டிக்குள்ள ஏறறதுக்குள்ளதான் பாதி உயிர் போகுது. பாக்கிப் பாதிய டாக்டர் பார்த்துக்கறார்" என்றார்.

பிறகு லுவூயோ வந்தான். நோபந்துவின் தம்பி, முப்பது வயது. டயர் கடை வேலை போய் அக்கா வீட்டில் ஒண்ட வந்தவன். முன்பு ஒரு தடவை கார் திருட்டுக் கேசில் உள்ளே போய் வந்தவன். வெலிலே அவனுக்குச் சாப்பாடு போட்டார், படுக்கக் கம்பளி கொடுத்தார், நம்பிக்கை மட்டும் கொடுக்கவில்லை. அவன் வண்டிப் பக்கம் நின்று ஒரு சிகரெட் பற்றவைத்தால்கூட இவர் ஜன்னலுக்கு வந்துவிடுவார்.

"என்ன மச்சான், நான் மூச்சு விட்டாலே வண்டி நகர்ந்துடுமா?"

"உன் மூச்சுக்கு நகராது. உன் விரலுக்கு நகரும்."

அந்த ஆகஸ்டில் டாக்சிக்காரர்கள் ஸ்ட்ரைக் அறிவித்தார்கள். உள்டாக்சிகளும் சேர்ந்துகொண்டன. மீறி ஓடுகிற வண்டிமேல் கல் விழும். அதே நேரம் ஊரிலிருந்து சேதி வந்தது, வெலிலேயின் சித்தப்பா இறந்துவிட்டார். எப்படியும் ஓட்டம் இல்லை, போய்ப் புதைத்துவிட்டு வரலாம் என்று வெளியூர் பஸ்ஸில் இடம் பிடித்தார்.

கிளம்பும்போது நோபந்து சொன்னாள், "ரோட்டர் பீப்பாயிலயே இருக்கட்டும்."

"உன் தம்பி கை பீப்பாய்க்குள்ளயும் போகும்."

"எதிர்வீட்டு அண்ணனுக்கு ஏதாவது ஆச்சுன்னா? லுவூயோவுக்கு வண்டி ஓட்டத் தெரியும்."

"அதுதான் எனக்குப் பயமே. மூணு நாள்ல வந்துடுவேன். மூணு நாள் மூச்சைப் பிடிச்சு வெச்சுக்கத் தெரியாதா அந்த மனுஷனுக்கு?"

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வை பொறுக்காமல் வெலிலே சமையலறைக்குப் போய்ப் பீப்பாயின் மூடியைத் திறந்து, சத்தம் கேட்கும்படி மூடினார். "போட்டாச்சு. திருப்திதானே?" என்றார். துண்டு அவர் கோட்டுப் பையிலேயே இருந்தது.

சனிக்கிழமை காலை. ஊரில் குழிக்குள் பெட்டியை இறக்கி, ஆண்கள் மண்வெட்டியைக் கை மாற்றி மாற்றி மண் தள்ளிக்கொண்டிருந்தார்கள். வெலிலேயின் முறை வந்து நாலு தள்ளு தள்ளியிருப்பார், போன் அடித்தது. மண்வெட்டியைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கினார்.

நோபந்து மூச்சிரைத்தாள். "பீப்பாயைக் கவுத்துட்டேன். மாவெல்லாம் தரையில கொட்டிக் கிடக்கு. எங்க அது?"

"எது?"

"எதுன்னு கேக்கறீங்களே! மோங்கெசி அண்ணன் உதடு நீலமாயிடுச்சு. நம்ம வண்டி பின் சீட்டுலதான் படுக்க வெச்சிருக்கு. எங்க வெச்சீங்க?"

போன் கை மாறியது. லுவூயோ. "மச்சான், சுவிட்சைக் கண்டுபிடிச்சாச்சு. லைட்டர் ஓட்டைக்குப் பின்னாடி. அங்கதான் எல்லாரும் வெப்பாங்க. சங்கிலியை அறுத்துக்கிட்டிருக்கோம். ரோட்டர் மட்டும்தான் வேணும். சீக்கிரம் சொல்லு."

"வேற வண்டியில இருந்து கழட்டு."

"எந்த வண்டி? எல்லா வண்டியையும் சங்கத்துக் கொட்டகையில போட்டுப் பூட்டிட்டாங்க. ஆம்புலன்ஸ் போலீஸ் துணைக்காகப் பாலத்துக்கு அந்தப்பக்கம் நிக்குது. கறிக்கடைக்காரர் பிக்கப்புக்கு ஆள் போயிருக்கு. அவர் வர்றாரோ இல்லையோ. எங்க மச்சான் அது?"

வெலிலே கோட்டுப் பைக்குள் கையை விட்டார். துணிக்குள் அது கூழாங்கல் மாதிரி இருந்தது.

"எங்கிட்ட" என்றார்.

 லுவூயோவுக்குப் பின்னால் ரம்பம் இரும்பை அறுக்கும் சத்தம் கேட்டது. அதற்கும் பின்னால் மாபெலேயின் குரல், "எங்கயாம்? என்ன சொல்றாரு? எங்கயாம்?"

போனை யாரோ அணைத்தார்கள். வெலிலே அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். மண் தள்ள அவருடைய முறை மறுபடி வந்தது. யாரோ கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை.

நடந்ததை அவருக்குப் பிறகு நோபந்து சொன்னாள். நான் அங்கேயே இருந்தேன். சங்கிலி அறுபடுவதற்கு முன்பே பொறுக்காமல் தெருக்காரர்கள் வண்டியைத் தள்ளினோம். ஆளோடு தள்ளிக்கொண்டே பெரிய ரோடுவரை போய்விடலாம் என்று நினைத்தோம். பின் பம்பரில் என் கையும் இருந்தது. வண்டி நகர்ந்தது. நகர்ந்து, அவர் கணக்குப் போட்டு வைத்திருந்தபடியே சுவரில் போய் முட்டியது. பின்னுக்கு இழுத்து மறுபடி தள்ளினோம், மறுபடி அதே சுவர். ஒருவழியாகச் சங்கிலி அறுந்து, சக்கரம் நேராகி, வண்டி கேட்டில் பாதி வெளியே வந்தபோது வண்டிக்குள்ளேயிருந்து மாபெலே, "போதும், நிறுத்துங்க" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. கறிக்காரரின் பிக்கப் அப்போதுதான் முனை திரும்பியது.

மறுநாள் மதியம் வெலிலே பயணப் பெட்டியோடு தெருவுக்குள் வந்தார். கேட்டில் பாதி உள்ளே பாதி வெளியே அவருடைய வண்டி நின்றது. சுவரில் பெயர்ந்த காரை. தரையில் அறுந்த சங்கிலி. யாரும் அதை நகர்த்தவும் இல்லை, பொறுக்கவும் இல்லை.

சமையலறையில் மாவு பெருக்கப்பட்டிருந்தது. நோபந்து அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள்.

"லுவூயோ எங்க?"

"போயிட்டான்."

"எங்க போனான்?"

"கேக்கல. போகும்போது சொன்னான், அக்கா, நான் திருடினப்பகூட இந்த மாதிரி பண்ணலன்னு."

ஆள் வீட்டுக்கு வெளியே இறந்தால், இறந்த இடத்துக்கு உம்பாஃபா முள்மரத்தின் கிளையோடு போய், அவரைப் பேர் சொல்லி எழுப்பி, வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். கிளையைச் சுமக்கிறவர் வீடு சேரும்வரை வேறு யாரோடும் பேசமாட்டார். அடக்கத்துக்கு முன்தினம் மோங்கெசியின் மூத்த அண்ணன் அந்தக் கிளையோடு தெருவைக் கடந்து வெலிலேயின் கேட்டுக்கு வந்தார். பின்னால் ஆண்கள் பத்துப் பதினைந்து பேர். பெரியவர் பின் கதவருகே போய் நின்றார்.

கதவில் கைப்பிடி இல்லை.

அவர் கேட்கக்கூடாது. மற்றவர்களும் கேட்கவில்லை. வெலிலே வீட்டுக்குள்ளிருந்து சாவியோடு வந்தார். முன் கதவுப் பூட்டு அன்றைக்கென்று அடம்பிடித்தது. திறந்து, முட்டி போட்டு ஏறி, சீட்டுக்கு மேலே குனிந்து, கையைப் பின்னுக்கு நீட்டிக் கம்பி வளையத்தைத் தேடினார். கண்ணாடியில் தொங்கிய திருப்புளி அவர் கன்னத்தில் இடித்தது. எத்தனையோ ஆயிரம் தடவை இழுத்த வளையம் கைக்கு அகப்படவில்லை. பின் சீட்டில் மோங்கெசியின் கம்பளித் தொப்பி கிடந்தது. பார்க்காமல் தேடினார். கடைசியில் இழுத்தார். கதவு திறந்தது.

பெரியவர் கிளையின் நுனியைச் சீட்டின்மேல் வைத்தார். "மோங்கெசி, எழுந்திரு. வீடு எதிர்லதான் இருக்கு. போகலாம் வா" என்றார். கிளையை இழுத்துக்கொண்டு தெருவைக் கடந்தார். வெலிலே முன் சீட்டிலேயே முட்டி போட்டபடி இருந்தார். இறங்கினால் கூட்டத்தோடு போகவேண்டும். 

அடக்கத்துக்கு ஆட்களை ஏற்ற வண்டி தருவதாகச் சொல்லி அனுப்பினார். மாபெலே வேறு வண்டி அமர்த்தியிருந்தாள். இழவுக்கு ஒரு ஆடு வாங்கி அனுப்பினார். ஆடு திரும்பி வந்தது. அதற்குப் பிறகுதான் அவரே தெருவைக் கடந்து போனார். மாபெலே தரையில் போட்ட மெத்தையில் கறுப்புத் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பெண்கள்.

"மாபெலே, நான் வேணும்னு..."

"இருமினா போதும், ஓடி வருவேன்னு சொன்னீங்க, தோலோ. இருமினாரு. தெருவே கேட்டுச்சு."

"திருடனுக்குப் பயந்துதான்..."

"வண்டி திருடு போகலயே. பத்திரமாத்தானே இருக்கு?" அவள் முகத்தைத் தூக்கினாள். "ஆறாயிரத்து நானூறு பாக்கி. அதைக் குடுங்க. உங்ககிட்ட எனக்கு வேற ஒண்ணும் வேணாம். ஆடு வேணாம், வண்டி வேணாம், வார்த்தையும் வேணாம்."

பெண்களில் ஒருத்தி தண்ணீர் கொண்டுவர எழுந்தாள். மாபெலே அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். வெலிலே வெளியே வந்துவிட்டார்.

ஒரு வாரம் வண்டியைத் தொடாமல் இருந்தார். பிறகு திருப்புளியைக் கண்ணாடியிலிருந்து அவிழ்த்து, அதைக்கொண்டே எல்லாவற்றையும் கழற்ற ஆரம்பித்தார். கூண்டு, சுவிட்ச், வளையம். ஒவ்வொன்றும் போன இடத்தில் ஒரு ஓட்டை இருந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கவில்லை, பேச்சும் கொடுக்கவில்லை. முன்பு இதே இடத்தில் அவர் ஒரு திருகாணியை முடுக்கினால்கூட நாலு பேர் கூடிக் கேலி பேசுவோம். கடைசியாகக் கோட்டுப் பையிலிருந்து ரோட்டரை எடுத்து மாட்டி, சாவியைத் திருகினார். முதல் திருகிலேயே என்ஜின் பிடித்துக்கொண்டது. அவர் உடனே அணைத்துவிட்டார். நோபந்து சமையலறை ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது.

நியாங்காவில் பழைய வண்டி வாங்குகிறவன் சுற்றிச் சுற்றி வந்தான். "இது காரா, சல்லடையா பெரியவரே? இவ்வளவு ஓட்டையை யாரு போட்டது?"

"நான்."

"எதுக்கு?"

வெலிலே முன் கதவைத் திறந்துவிட்டு விலகி நின்றார். திருப்புளியின் கதையை ஊரெல்லாம் சொன்ன மனுஷன்.

"பின் சீட்டு நல்லா இருக்கு" என்றான் அவன், அதை அமுக்கிப் பார்த்து. நாலாயிரத்து எண்ணூறுக்குமேல் ஒரு காசு ஏற்றமாட்டேன் என்றான். வெலிலே பேரம் பேசவில்லை.

மிச்சத்துக்கு அவர் ஐம்பத்தெட்டு வயதில் மறுபடி செங்கல் சுமந்தார். சங்கிலியையும் பூட்டுகளையும் எடைக்குப் போட்டார். கூலியில் வந்த பத்தும் இருபதுமாகச் சேர்ந்து தொகை நிறைந்தபோது குளிர்காலம் போய்க் காற்றுக்காலம் வந்திருந்தது.

மாபெலே கூரை இல்லாத கடையில், கறுப்பு உடையோடு நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கம்பி ஒரு ஆட்டின் நெற்றியில் சீறிக்கொண்டிருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். கம்பியை நெருப்பில் வைத்தாள். கையை முன்துணியில் துடைத்தாள்.

எங்கள் பக்கம் எதை வாங்கினாலும் இரண்டு கையையும் சேர்த்து ஏந்தித்தான் வாங்குவோம். ஒரு துண்டு ரொட்டியானாலும் அப்படித்தான். மாபெலே ஒரு கையை மட்டும் நீட்டினாள். சூட்டுத் தழும்பேறிய உள்ளங்கை. மற்றக் கை மடியிலேயே இருந்தது.

வெலிலே முதலில் நூறுகளை வைத்தார். பிறகு ஐம்பதுகள். வாய்விட்டு எண்ணினார், பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி. காற்றில் தாள்கள் படபடத்தன. அவள் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இருபதுகள். கசங்கிய பத்துகள், சிமெண்டுத் தூள் ஒட்டியவை. "ஆறாயிரத்து முந்நூத்தி எண்பது" என்றார். "தொண்ணூறு" என்றார். பிறகு கடைசிப் பத்தை அவள் உள்ளங்கையில் வைத்தார்.